பி.காம் படிப்பவனுக்கு லேன் எதற்கு?



"லேன் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க பாடம், நமக்கு டேலி தெரிஞ்சா போதும்" என்று நம் வகுப்பில் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணக்கு எழுதப் போகிற நமக்குத்தான் லேன் முதலில் தெரிய வேண்டும்.

லேன் என்றால் குறும்பரப்பு வலையமைப்பு. ஒரு அறை, ஒரு கட்டடம், ஒரு வளாகம், இதற்குள் இருக்கும் கணினிகளை இணைப்பது. பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குள் இணைத்தால் லேன். அதையே சுமார் 30 கி.மீ தள்ளி இருக்கும் அரியலூர் கலெக்டர் ஆபீசோடு இணைத்தால் வேன் (ஏறிப் போகிற வேன் இல்லை!). அரசு அலுவலகங்களை அப்படி இணைப்பதற்காக எல்காட் அமைத்ததுதான் டிஎன்ஸ்வான்.

லேனுக்கு வேண்டியது கொஞ்சம்தான். எட்டு கம்பிகள் உள்ள கேபிள், இரு முனையிலும் ஆர்ஜே45 பின், நடுவில் ஒரு சுவிட்ச். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய ஹப், வந்த தகவலை எல்லாக் கணினிக்கும் அனுப்பும். சுவிட்ச், யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் அனுப்பும். ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.10 போல ஒரு ஐபி எண் இருக்கும். இவை உள் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. அதனால் பெரம்பலூர் கடையிலும் அரியலூர் கடையிலும் ஒரே எண் இருந்தாலும் மோதாது.

பலர் நெட்டும் லேனும் ஒன்று என்று நினைக்கிறார்கள். நெட் போனாலும் லேன் போகாது. 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் மெட்காஃப், போக்ஸ் இருவரும் ஈதர்நெட்டை உருவாக்கியபோது இன்றைய இன்டர்நெட்டே கிடையாது. ஆபீஸ் கணினிகளையும் லேசர் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்வதே அன்றைய தேவை.

நம் பாடத்துக்கும் பகிர்வதுதான் முக்கியம். டேலியில் சில்வர் உரிமம் ஒருவருக்கு, கோல்டு உரிமம் லேனில் பலருக்கு. மக்காச்சோள மண்டியிலோ சிமெண்ட் லாரி ஆபீசிலோ வேலைக்குச் சேர்கிறோம் என்று வையுங்கள். லேன் இல்லாவிட்டால் பில் போடுபவர் ஒரு கணக்கு, குடோன்காரர் ஒரு கணக்கு. மாலையில் பென் டிரைவில் சேர்க்கும்போது எது கடைசிக் கணக்கு என்ற சண்டை வரும். லேன் இருந்தால் கணக்கு ஒன்றுதான், பார்ப்பவர்கள் பலர். ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று தணிக்கைப் பாடத்தில் படிக்கிறோமே, அது நடக்கும் இடம் இதுதான்.

"இப்போ எல்லாம் கிளவுட்தானே?" என்பீர்கள். கிளவுடுக்குப் போகும் தகவலும் உங்கள் ஆபீஸ் வைஃபையோ கேபிளோ தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே கோளாறு என்றால் எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கியும் பயனில்லை.

பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் கேபிள் பொருத்துவதற்கென்றே ஒரு பாடம் உண்டு. பலர் மார்க்குக்காகப் படித்து மறந்துவிட்டோம். கல்லூரிகள் வணிகவியல் மாணவர்களுக்கு ஒரே ஒரு மதியம் ஒதுக்கட்டும். நான்கு கணினி, ஒரு சுவிட்ச், கிரிம்பிங் டூல் கொடுத்து எங்களையே இணைக்கச் சொல்லட்டும். பிறகு அதிலேயே டேலி ஓட்டச் சொல்லட்டும்.

தனிக் கணினியில் தனியாக டேலி கற்றவன், நாலு பேர் உட்காரும் ஆபீசில் முதல் நாளே திணறுவான். அந்த ஒரு மதியம் அவனுக்கு வேலையைக் காப்பாற்றித் தரும்.