காய்ச்சல் இருக்கான்னு கேட்டாங்க, பீரியட்ஸ் பற்றிக் கேக்கல

2021ல கண்டியில கொரோனா ஊசி போட்ட நாட்கள் ஞாபகம் இருக்குமே. வட்ஸ்அப் முழுக்க ஒரே கேள்விதான்: "காய்ச்சல் வந்துச்சா? கை நோவுதா? பெனடோல் போட்டியா?"

எனக்கு ரெண்டாவது ஊசிக்குப் பிறகு பீரியட்ஸ் ஒன்பது நாள் தள்ளிப் போனது. வந்தபோது வழமையை விட அதிகம். அக்காவிடம் சொன்னேன். "எனக்கும்தான்டி. இத யாருக்கிட்ட போய்ச் சொல்றது?" என்றாள். மாதவிடாய் நின்று மூன்று வருஷமான பெரியம்மாவுக்கு மறுபடி இரத்தம் பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நாங்க மட்டும் இல்லை. 2021 செப்டம்பர் தொடக்கத்திற்குள் பிரித்தானியாவில் இப்படி 30,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் பதிவாகி இருந்தன. 2022 ஜனவரியில் வந்த அமெரிக்க ஆய்வொன்று, சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீள்கிறது, பிறகு பழைய நிலைக்கு வருகிறது என்றது. அதே வருஷம் ஒக்டோபரில்தான் ஐரோப்பிய மருந்து முகமை ஃபைசர், மொடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக இரத்தப்போக்கைச் சேர்க்கச் சொன்னது. உலகம் முழுக்க கோடிக்கணக்கான பெண்கள் ஊசி போட்டு முடித்த பிறகு! முதலில் நடந்த பெரிய பரிசோதனைகளில் மாதவிடாய் பற்றி யாரும் முறையாகக் கேட்கவில்லை. அந்த அமெரிக்க ஆய்வில் நம்ம நாட்டில் அதிகம் போட்ட சைனோபார்ம் இல்லவும் இல்லை.

"இதையெல்லாம் பேசினா சனம் ஊசிக்குப் பயந்துரும்" என்று ஒரு நண்பன் சொன்னான். நான் அதை ஏற்கவில்லை. பேசாமல் விட்ட இடத்தில்தான் "பிள்ளை பிறக்காதாம்" என்ற கதை வந்து உட்கார்ந்தது. பிள்ளைக்கு முயன்ற 2,000க்கும் மேற்பட்ட தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் ஊசி கருத்தரிப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் அதை எங்கட லயத்துக்கோ தெருவுக்கோ வந்து சொன்னது யார்? மலட்டு வதந்தி என்ன செய்யும் என்று கண்டிக்காரருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2018ல அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் கருத்தடை மாத்திரை என்று கிளப்பிய பொய், சில நாளில் திகனையில் கடைகள் எரிந்தபோதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பெரியம்மாவைப் பிறகு கிளினிக் கூட்டிப் போனோம். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால் ஊசிதான் காரணம் என்று தாங்களாகவே முடிவு கட்டக்கூடாது, கட்டாயம் காட்ட வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். அவர் ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று டொக்டர் கோபப்பட்டார். வந்திருப்பார், யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

இப்போ சித்தி மகள் ஆறாம் ஆண்டு. 2017லிருந்து அந்த வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஸ்கூலிலேயே எச்பிவி ஊசி போடுகிறார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் இருக்க. பலருக்கு முதல் பீரியட்ஸ் வருவதும், வந்து ஒழுங்கில்லாமல் இருப்பதும் அதே வயதுதான். ஊசி போட்ட மாதம் அவளுக்கு ஏதும் முன்னே பின்னே ஆனால் என்னிடம் சொல்லு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "சீ, போங்க அக்கா" என்றாள். பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும்.