புரவலர் வேண்டாம், பொறுப்பாளர் வேண்டும்

நம் சமுதாயத்தில் மிக மலிந்துவிட்ட சொல் ஒன்று உண்டு. அது ‘புரவலர்’ என்னும் சொல். நூல் வெளியீட்டு விழாவில் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு உறையொன்றை நீட்டுபவர் புரவலர். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கிண்ணம் வாங்கித் தருபவர் புரவலர். மாலை விழுகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது, ஒளிப்படம் எடுக்கப்படுகிறது. அத்துடன் அவர் கடமையும் முடிகிறது. நம் நன்றியும் முடிகிறது. இந்தப் பழக்கம் விழா மேடையோடு நின்றிருந்தால் நான் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டேன். அது நம் பிள்ளைகளின் வாழ்வுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

என் பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்னர் பல்கலைக்கழகம் சென்று, 2023ஆம் ஆண்டில் கணினியியல் பட்டம் பெற்றாள் ஒரு மாணவி. தாய் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அமெரிக்காவில் நிரலெழுதும் பணியில் ஓராண்டு பயிற்சி பெற வேண்டும் என்பது அப்பெண்ணின் ஆசை. வழி கேட்டு என்னிடம் வந்தாள். எனக்கு வழி தெரியாது. ஆனால், தெரியாது என்று சொல்லத் தலைமையாசிரியன் ஒருவனுக்கு நா எழுமா? எங்கள் பரிசளிப்பு விழாவிற்குத் தலைமை தாங்கிய பெரியவர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர். அவரிடம் போ என்றேன். நற்சான்றுக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் சொன்னது இது: “அமெரிக்க நிறுவனமே உனக்கு விசா கொடுத்துவிடும்; மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.” பதினாலாயிரம் வெள்ளி கேட்டார். தாய் கூட்டுறவுக் கடன் எடுத்துக் கட்டினார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பதினான்கு மாதங்கள் ஓடின. பின்னர் அலுவலகக் கதவு பூட்டப்பட்டது. தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை.

பணம் போனது பாதி இழப்பே. மறுபாதி என்னவென்று விளங்க வேண்டுமானால், அந்த விசாவின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். பொறுமையோடு படியுங்கள். அன்று நான் இதைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு நிறைவேறிய கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் அடிப்படையில் வழங்கப்படுவது ஜே-1 விசா. அதில் பயில்நிலையாளர், பயிற்சியாளர் என இரு பிரிவுகள் உள்ளன. அமெரிக்காவிற்கு வெளியே உயர்கல்வி பயின்றுகொண்டிருப்பவரோ, படிப்பை முடித்துப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாதவரோ பயில்நிலையாளர் ஆகலாம். அவருக்குக் கால எல்லை 12 மாதம். பட்டமும், அமெரிக்காவிற்கு வெளியே துறைசார்ந்த ஓராண்டுப் பணி அனுபவமும் உடையவர் பயிற்சியாளர் ஆகலாம். பட்டமே இல்லாதவர்கூட ஐந்தாண்டு அனுபவம் இருந்தால் அப்பிரிவில் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்குப் பொதுவாக 18 மாதம் வரை.

இப்போது கணக்குப் பாருங்கள். பட்டம் பெற்றுப் பன்னிரண்டு மாதம் என்னும் வாயில் அவளுக்குத் திறந்திருந்தது. முகவரின் ‘அடுத்த மாத’த்தை நம்பிப் பதினான்கு மாதம் காத்திருந்தாள். எந்த நேரத்திலும் புறப்பட வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதால் உள்ளூர் வேலையும் ஏற்கவில்லை. ஆகவே முதற்பிரிவின் வாயில் அடைபட்டது. இரண்டாம் பிரிவிற்கு வேண்டிய அனுபவமும் சேரவில்லை. பணத்தைத் திருடியவன் பணத்தை மட்டுமா திருடினான்? காலத்தையும் அல்லவா திருடினான்!

இனி, ‘நிறுவனமே விசா கொடுத்துவிடும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது முழுப்பொய். விசா வழங்குவது அமெரிக்கத் தூதரகம். அதற்கு முன்னர், டி.எஸ். 2019 எனும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதைத் தரும் உரிமை அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பளித்த ஆதரவு நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு. பயிற்சி தரும் நிறுவனம் ஒன்று. பொறுப்பேற்கும் ஆதரவு நிறுவனம் பெரும்பாலும் வேறொன்று. அந்த ஆதரவு நிறுவனமும் எந்தத் துறைக்கு ஏற்புப் பெற்றதோ அந்தத் துறைக்கே ஆள் எடுக்கலாம். விடுதித் தொழிலுக்கு மட்டும் ஏற்புப் பெற்றது நிரலெழுதுபவரை அழைத்துக்கொள்ள இயலாது. இந்நிறுவனங்களின் பட்டியல் மறைபொருள் அன்று. வெளியுறவுத் துறையே அதை எல்லாரும் காண வெளியிட்டிருக்கிறது. பார்க்கக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணியை அவளும் செலவிடவில்லை. அவளுக்கு எழுத்தறிவித்த நானும் செலவிடவில்லை.

அந்த ஆதரவாளருக்கு விதிக்கப்பட்ட கடமைகளைக் கேளுங்கள். மாணவரின் ஆங்கிலத் திறனை அவர் சோதித்தறிய வேண்டும். எதை, எப்போது, யாரிடம் கற்பது என்று விளக்கும் டி.எஸ். 7002 என்னும் பயிற்சித் திட்டத்தில் மாணவர், பயிற்சி தருபவர், ஆதரவாளர் ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். எழுத்தர் வேலை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. வேறு ஊழியர் செய்யும் வேலைக்கு மாற்றாளாக மாணவரை வைத்தலும் ஆகாது. இருபத்தைந்து பேருக்குக் குறைவான சிறு நிறுவனமென்றால், முதன்முறை ஆள் அனுப்புமுன் நேரில் சென்று பார்த்துவர வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் ஓர் இலட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி இருத்தல் வேண்டும். பிற நிறுவனங்களுக்கு ஆள் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட முகவர்களோடு கூடி ஆள் சேர்க்கவோ, பணியில் அமர்த்தவோ கூடாது என்றும் விதி உண்டு. அவ்விதி அமெரிக்க முகவர்களைக் குறித்தது. ஆயினும் அதன் உட்கருத்து நமக்கும் பாடமே.

இவையெல்லாம் தாளில் உள்ளபடியே நடக்கின்றனவா என்று கேட்பீர்கள். எல்லா இடத்திலும் நடக்கும் என்று நான் உறுதி கூறேன். ஆனால், தாளில் இருந்தால்தானே தட்டிக் கேட்க முடியும்? என் மாணவியின் கையில் இருந்த தாள், ஒரு வரவுச் சீட்டு. அதில் ‘சேவைக் கட்டணம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன.

அங்கே ஆதரவாளர் என்றால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இங்கே புரவலர் என்றால் பதில் சொல்லவே தேவையில்லாதவர். ஏனென்றால் அவரைக் கேள்வி கேட்பது நன்றிகேடு என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம்.

என் பாட்டனார் ஒரு கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறி வந்தவர். கையில் முன்பணம், காலில் கடன் விலங்கு. தொழிலாளரை ஆதரவளித்துக் கடல் கடத்தும் குடியேற்றத்தை இந்திய அரசு 1938ஆம் ஆண்டு தடை செய்தது. கங்காணி முறை ஒழிந்தது என்று வரலாற்று நூலில் எழுதினோம். ஒழிந்ததா? தலைப்பாகை போய்க் கழுத்துப்பட்டி வந்தது, அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டு முதல் கம்போடியாவிலும் மியன்மாரிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டிருந்த மலேசியர்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்தோமே! அவர்களில் பலர் நல்ல சம்பளத்தில் வேலை என்ற சொல்லை நம்பிப் போனவர்கள். படிப்பு இல்லாததால் ஏமாந்தார்கள் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். என் மாணவி பட்டதாரி. அவளை அனுப்பிய நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். படிப்பு இருந்தது, விசாரிக்கும் பழக்கம் இல்லை.

பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பினால் அறிவு வெளியேறிவிடும் என்று சிலர் முழங்குகின்றனர். நண்பர்களே, இது குடியேறும் வழியன்று. கற்றுத் திரும்பும் வழி. காலக்கெடுவோடு தரப்படுவது. ‘பெற்றோர் அல்லவா விசாரிக்க வேண்டும்?’ என்பார் வேறு சிலர். விடியலில் தோட்டத்திற்குப் போய் மாலையில் திரும்பும் தாய், ஆங்கிலப் படிவத்தை யாரிடம் காட்டுவார்? வாத்தியாரிடம் காட்டுவார். வாத்தியார் என்ன செய்தார் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே!

பொய்யான நம்பிக்கையை நானும் விற்க விரும்பவில்லை. முறையான வழியும் எளிய வழியன்று. ஆதரவு நிறுவனத்தின் கட்டணமே ஆயிரம் டாலரைத் தாண்டுவதுண்டு. அரசுக் கட்டணங்கள் தனி. எல்லாம் சரியாக இருந்தும் தூதரக அதிகாரி மறுக்கலாம். 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மாணவர், பரிமாற்ற விசாக்களுக்கான புதிய நேர்காணல் பதிவுகளையே அமெரிக்கா நிறுத்திவைத்தது. ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியபோது விண்ணப்பதாரரின் சமூக ஊடகப் பதிவுகளை ஆராயும் விதியும் சேர்ந்தே வந்தது. ஆயினும், சட்டம் மறுப்பது வேறு. தரகன் ஏய்ப்பது வேறு. மறுக்கப்பட்டவன் மீண்டும் முயல்வான். ஏய்க்கப்பட்டவன் முயற்சியையே வெறுப்பான்.

ஆகவே நம் இயக்கங்களைப் பார்த்துக் கேட்கிறேன். ஆண்டுதோறும் விருந்துகள் நடத்துகிறீர்கள். தேர்வில் சிறந்தவர்களை மேடையேற்றிக் கைதட்டுகிறீர்கள். மேடையிலிருந்து இறங்கிய பிள்ளை எங்கே போயிற்று என்று எப்போதாவது கேட்டீர்களா? ஒரு விருந்தின் செலவில் ஒரு மேசை போடுங்கள். ஒரு கணினி, ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர், வாரத்தில் ஒரு நாள். வருகின்ற பிள்ளையிடம் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஆதரவு நிறுவனத்தின் பெயர் பட்டியலில் உள்ளதா? உன் துறைக்கு அது ஏற்புப் பெற்றதா? பயிற்சித் திட்டத்தைக் கண்ணால் பார்த்தாயா? கட்டும் ஒவ்வொரு வெள்ளியும் எதற்கென்று எழுத்தில் உள்ளதா? இந்நான்கிற்கும் விடை கிடைக்கும் வரை ஒரு காசும் கைமாறக்கூடாது. விடை கிடைத்த பிறகு, பொன்னாடைக்குப் பதிலாக வட்டியில்லாக் கடன் கொடுங்கள். போய்த் திரும்பியவர் அடுத்தவருக்கு வழிகாட்டட்டும்.

எழுத்தாள நண்பர்களுக்கும் ஒரு சொல். தோட்டத்து அவலத்தை உருகி உருகி எழுதினோம். நன்று. அந்தத் தோட்டத்துப் பிள்ளை இன்று கையில் வைத்திருக்கும் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதும் எழுத்தறிந்தவன் கடமைதான்.

அந்த மாணவி இப்போது தொழிற்பேட்டையொன்றில் வேலை செய்கிறாள். சம்பளத்தில் ஒரு பகுதி இன்னும் கூட்டுறவுக் கடனுக்குப் போகிறது. சென்ற ஆண்டு இறுதியில் தம்பியின் படிப்புச் சான்றிதழை உறுதிப்படுத்த வந்திருந்தாள். ஓராண்டு அனுபவம் சேர்ந்துவிட்டதே, பயிற்சியாளர் பிரிவில் முயலலாமே என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இந்த முறை நீங்களும் படித்துப் பார்ப்பீர்களா, ஐயா?” என்றாள்.

அதில் சினம் இல்லை, அதனால்தான் சுட்டது. படிப்பேன் என்றேன். படித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் போல் நற்சான்றுக் கடிதம் எழுதும் கைகள் இந்நாட்டில் எத்தனையோ உண்டு. கையொப்பமிடுமுன் அவையும் படிக்கட்டும்.