மனைவிக்கு ஒரு கைத்துப்பாக்கி

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினியாப்பொலிஸ் நகரிலுள்ள அனன்சியேஷன் கத்தோலிக்க ஆலயத்தில் பள்ளிச் சிறார் திருப்பலியில் பங்கேற்றிருந்த வேளையில், வெளியிலிருந்து ஒருவர் சுட்டதில் எட்டு வயதும் பத்து வயதுமான இரு குழந்தைகள் உயிரிழந்தனர். பலர் காயமடைந்தனர். நான்கு நாள்களுக்குப் பின், ஞாயிறு மூவேளை செப உரையில், ஆயுதங்கள் என்னும் பெருந்தொற்று நின்றுபோக வேண்டுமென்று திருத்தந்தை 14ஆம் லியோ இறைவனிடம் மன்றாடினார்.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் அந்நாட்டில் இரண்டு குரல்கள் எழுகின்றன. துப்பாக்கிகளைக் குறையுங்கள் என்பது ஒன்று. எனக்கும் ஒன்று வேண்டும் என்பது மற்றொன்று. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூட்டவுன் பள்ளியில் 20 சிறாரும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, துப்பாக்கி விற்பனை குறையவில்லை, கூடியது. கடைக்கு வருகிறவர்களுள் கணவர்களும் உண்டு. "நான் இரவு வேலைக்குப் போகிறேன், மனைவியும் பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள், காவல்துறை வந்து சேர நேரமாகும். அவளுக்கு முதன்முதலாக வாங்கித்தர எது நல்லது?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இது நமக்குத் தொலைவான கேள்வி அல்ல. நம் பங்குகளிலிருந்து சென்ற பிள்ளைகள் பலர் அங்கே குடும்பமாக வாழ்கின்றனர். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்போர் பொதுவாகத் துப்பாக்கி வாங்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் கிரீன் கார்டு பெற்றவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் வாங்கலாம்.

அந்தக் கணவரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. தன் உயிரைக் காக்கும் உரிமையைத் திருஅவை மறுத்ததில்லை. தாக்க வருபவனைத் தடுக்கையில் அவன் இறக்க நேர்ந்தாலும், காப்பவரின் நோக்கம் கொலை அல்ல என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினா விளக்கினார். தேவைக்கு மிஞ்சிய வன்முறை கூடாது என்ற எல்லையையும் அவரே வகுத்தார். பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்குத் தற்காப்பு உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்கிறது நம் மறைக்கல்வி ஏடு (எண் 2265). மனைவியைக் காக்க நினைப்பவர் பாவம் எதுவும் செய்துவிடவில்லை. சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதை எழுதிய நீதிபதி அந்தோனின் ஸ்காலியா ஒரு கத்தோலிக்கர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இனி, எது நல்லது என்ற கேள்விக்கு வருவோம். பெண்ணின் கைக்குச் சிறியதும் எடை குறைந்ததும்தான் பொருந்தும் என்பது பழைய எண்ணம். 1980களின் இறுதியில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 'லேடிஸ்மித்' என்ற பெயரிலேயே பெண்களுக்கென ரிவால்வர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எடை குறையக் குறைய, சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னுக்கு உதைக்கும் வேகம் கூடுகிறது. புதிதாகப் பழகுபவருக்குச் சிறியதே கடினமானது. பிஸ்டல் என்றால் அதன் மேல்பகுதியைப் பின்னிழுத்துவிடக் கைவலிமையும் பழக்கமும் தேவை. ஆகவே நல்ல பயிற்சியாளர்கள், "நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் மனைவியை அழைத்து வாருங்கள், பலவற்றைச் சுட்டுப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்" என்றுதான் கணவர்களிடம் சொல்கிறார்கள். அறிவுள்ள பேச்சு. அவர் வேண்டாம் என்று முடிவு செய்தால் அதையும் ஏற்க வேண்டும் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

ஏனெனில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை, கணவர் மனத்தில் இருக்கும் விடை அல்ல. கலிபோர்னியாவில் தாங்கள் துப்பாக்கி வைத்திராத 1 கோடியே 76 இலட்சம் பேரின் பதிவுகளை 2004 முதல் 2016 வரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவரைவிட, கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு வாழ்பவர் கொலையுண்டு இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். தன் வீட்டிலேயே, தன் துணைவரின் கையாலேயே சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு. அவ்வாறு இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இத்தகைய ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், ஒவ்வொரு வீட்டின் காரணத்தையும் சொல்லிவிடாது. என்றாலும், திருடனுக்காக வாங்கியது யார் மேல் திரும்புகிறது என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை.

துப்பாக்கி மனைவியின் பெயரிலேயே இருந்தால்? அதே பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டு இறக்கும் வீதம், வைத்திராத பெண்களைவிட ஏறத்தாழ 35 மடங்கு. ஆண்களில் இது ஏறத்தாழ 8 மடங்கு. துப்பாக்கி இல்லாத பெண்கள் இவ்வழியில் இறப்பது மிக அரிது என்பதால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்பது உண்மையே. ஆனால் 2023இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்த 46,728 பேரில் ஏறத்தாழ 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பதும் உண்மை. மனச்சோர்வின் ஒரு கெட்ட மணி நேரம் கடந்துவிட்டால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேரோ! மாத்திரை விழுங்கியவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

பிள்ளைகளைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. 2014 டிசம்பர் 30ஆம் நாள், ஐடஹோ மாநிலக் கடை ஒன்றில் ஒரு தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை அவருடைய இரண்டு வயது மகன் எடுத்துவிட்டான். தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை தைத்த அந்தக் கைப்பை, கணவர் தந்த கிறிஸ்துமஸ் பரிசு. நியூட்டவுனிலும், கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கியவர் கொலையாளியின் தாய். முதலில் இறந்தவரும் அவரே.

வாள் இல்லாதவர் மேலுடையை விற்றாவது வாங்கட்டும் என்று ஆண்டவரே சொல்லவில்லையா (லூக்கா 22:36) என்று சிலர் கேட்கின்றனர். சொன்னார். சீடர்கள் இரண்டு வாள்களைக் காட்டியதும் போதும் என்றார். அதே இரவில் அதில் ஒன்று தலைமைக் குருவின் பணியாளனின் காதை வெட்டியபோது, அதைத் தொட்டு நலமாக்கியவரும் அவர்தாம். அந்த அதிகாரத்தை முழுதாக வாசிப்பவர்கள் ஒரு வசனத்தை மட்டும் கடைக்கு எடுத்துச் செல்லமாட்டார்கள். அமெரிக்க ஆயர்களின் சமூகப்பணிக் குழு 1975இலேயே கைத்துப்பாக்கி வன்முறையை உயிருக்கு எதிரான அச்சுறுத்தல் என்றது. 2000ஆம் ஆண்டில் ஆயர் பேரவை துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று எழுதியது. அந்நாட்டுக் கத்தோலிக்கர் எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஒரு பெண்ணின் நிலைமை மட்டும் இவ்வளவு எளிதில் தீராது. அடித்துத் துன்புறுத்திய கணவனை விட்டு வெளியேறி, அவன் மீண்டும் வருவானோ என்று அஞ்சி வாழ்பவரிடம் புள்ளிவிவரம் படித்துக் காட்டிப் பயனில்லை. அவர் தற்காப்புக்கு வழி தேடினால் நாம் கல்லெறிய மாட்டோம். ஆனால் அவருக்கு முதலில் உதவக்கூடியது, அந்த ஆணின் கையிலிருந்து துப்பாக்கி போவது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. துப்பாக்கி உரிமையை விரிவாக்கிய அதே நீதிமன்றம்தான் இது.

எனவே அங்கிருந்து மகனோ மருமகனோ தொலைபேசியில், "அவளுக்கு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்று சொன்னால் பதறி வைத்துவிட வேண்டாம். அவள் கேட்டாளா என்று கேளுங்கள். எங்கே வைக்கப் போகிறாய், சாவி யாரிடம், தோட்டா தனியாக இருக்குமா, வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிறார்களா, நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை மகளிடமும் மருமகளிடமும் தனியாகக் கேட்பது நல்லது. மனம் உடைந்தவர்கள் இரவு பகல் எந்நேரமும் அழைத்துப் பேச, 2022 ஜூலை முதல் அந்நாட்டில் 988 என்ற மூன்றிலக்க எண் இருக்கிறது. அதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.