க்ளென் செத்தது ஓகே... எங்களை ஏமாத்தினது ஓகே இல்ல!



முதல்ல ஒரு எச்சரிக்கை. 'தி வாக்கிங் டெட்' தொடரை இப்பதான் பார்க்க ஆரம்பிச்சிருக்கீங்க, ஆறாவது சீசனை இன்னும் தாண்டலைன்னா, தயவுசெஞ்சு இந்தப் பக்கத்தை விட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க. அப்புறம் 'கதையைச் சொல்லிக் கெடுத்துட்டாங்க'ன்னு லெட்டர் போடக் கூடாது!

போயிட்டாங்களா? ரைட்டு... மிச்சம் இருக்கறவங்க கிட்ட வாங்க.

2016 அக்டோபர் 23. அமெரிக்காவுல ஏ.எம்.சி. சேனல்ல ஏழாவது சீசனோட முதல் எபிசோடு. அன்னிக்கு மட்டும் அங்கே அதைப் பார்த்தவங்க 1 கோடியே 70 லட்சம் பேர். பார்த்து முடிச்சவங்கள்ல பாதிப் பேர் அழுதாங்க, பாதிப் பேர் திட்டினாங்க. 'இனிமே இந்தத் தொடரைப் பார்க்கவே மாட்டேன்'னு சத்தியம் பண்ணவங்களும் ஏராளம். அப்போ நானெல்லாம் ஸ்கூல் பையன். ஆனா இன்னிக்கும் எங்க தொரப்பள்ளி - ஓசூர் பஸ்ல இந்த எபிசோடைப் பத்தி வாயைத் திறந்தா போதும்... தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணு மொழியிலயும் சண்டை ஆரம்பிச்சுடும். (தொரப்பள்ளின்னதும் முதுமலைக்குப் போற வழியில இருக்கே, அதுன்னு நினைச்சுடாதீங்க. இது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த ஊர்!)

அப்படி என்னதான் நடந்துச்சு? தெரியாதவங்களுக்காக ஷார்ட்டா சொல்றேன்.

ஊரே ஜாம்பியா மாறிப்போச்சு. மிச்சம் இருக்கற கொஞ்சப் பேர் ஒரு குரூப்பா சேர்ந்து உயிரைக் காப்பாத்திக்கிட்டு ஓடுறாங்க. லீடர் ரிக். அந்த குரூப்ல ஒருத்தன்தான் க்ளென். ஆறாவது சீசன் கடைசியில, 2016 ஏப்ரல் 3 அன்னிக்கு, மொத்த குரூப்பும் நீகன்ங்கற வில்லன் கிட்ட மாட்டிக்கிது. எல்லாரையும் முட்டி போட வெச்சு, முள்கம்பி சுத்தின பேஸ்பால் மட்டையைத் தூக்கிக்கிட்டு நம்ம 'இங்கி பிங்கி பாங்கி' மாதிரி ஒவ்வொருத்தரா கை காட்டுறான். ஒருத்தர் மேல மட்டை இறங்குது. யார் மேல? அதைக் காட்டல! ஸ்க்ரீன் கறுப்பாகி சீசனே முடிஞ்சிருச்சு. விடை வேணும்னா ஆறு மாசம் காத்திரு மகனே!

ஆறு மாசம் கழிச்சு வந்த விடைதான் இந்த எபிசோடு. முதல்ல ஆப்ரஹாம். அப்பாடா, முடிஞ்சதுன்னு மூச்சு விடும்போது, கோவத்துல டேரில் எழுந்து நீகனை ஒரு குத்து விட, அதுக்குத் தண்டனையா ரெண்டாவது அடி... க்ளென் மண்டையில. கர்ப்பமா இருக்கற மனைவி மேகி கண்ணு முன்னாடியே. கேமரா கொஞ்சம்கூட முகத்தைத் திருப்பிக்கல.

சரி, இதைப் பத்தி நம்ம மக்கள் என்ன சொல்றாங்கன்னு கிளாஸ்ல, கேன்டீன்ல, பஸ்ல எல்லாம் கேட்டுப் பார்த்தேன். கிடைச்சது நாலு கட்சி.

'ரத்தம் ஓவர்' கட்சி

என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி சொன்னது: "ஜாம்பி மண்டையை உடைச்சா எனக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா அது ஏற்கெனவே செத்தது. ஆனா, உயிரோட இருக்கறவன் கண்ணு பிதுங்கறதைக் காட்டினப்ப லேப்டாப்பை மூடிட்டேன். அதுக்கப்புறம் திறக்கவே இல்ல."

இவ தனியா இல்ல. அமெரிக்காவுலயே பெற்றோர் தொலைக்காட்சி கவுன்சில்னு ஒரு அமைப்பு அந்த எபிசோடைக் கடுமையா கண்டிச்சது. தயாரிப்பாளர்கள்ல ஒருத்தரான கேல் ஆன் ஹர்ட், 2017 ஜனவரியில பேசும்போது, வந்த எதிர்ப்பைப் பார்த்துட்டு அடுத்து ஷூட் பண்ண எபிசோடுகள்ல வன்முறையைக் குறைச்சதா சொன்னாங்க. ஆக, ஆடியன்ஸ் சத்தம் போட்டது ஷூட்டிங் ஸ்பாட் வரைக்கும் கேட்டிருக்கு.

'காமிக்ஸ்லயே இருக்கு பாஸ்' கட்சி

இவங்க கொஞ்சம் கெத்து பார்ட்டி. "2012 ஜூலையில வந்த காமிக்ஸ் நூறாவது இதழ்லயே க்ளென் இப்படித்தான் செத்தான். இதே மட்டை, இதே நீகன். ராபர்ட் கிர்க்மேன் எழுதினதை அப்படியே எடுத்திருக்காங்க, அவ்ளோதான்" என்பார்கள். இந்தக் கட்சியில ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாலு வருஷத்துக்கு முன்னாடியே சாவு தெரியும். ஆனாலும் அந்த சீன்ல அழுதிருக்காங்க! இதை மனசுல வெச்சுக்கங்க. அப்புறம் வர்றேன்.

'ஆறு மாசம் காத்திருந்த' கட்சி

இது சீனியர்கள் கட்சி. சிப்காட்ல ஷிப்ட் பார்க்கற அண்ணன் ஒருத்தர், அப்போ பாலிடெக்னிக் ஸ்டூடன்ட். "வாராவாரம் பார்த்தவன்டா நான். யார் செத்தான்னு சொல்லாம ஆறு மாசம் இழுத்தாங்க பாரு... அன்னிக்கே மனசு விட்டுப்போச்சு. எபிசோடு வந்தப்ப துக்கம் வரல. 'சரி, யாரு? சீக்கிரம் சொல்லித் தொலை'ன்னுதான் இருந்துச்சு"ன்னார். லாட்டரி ரிசல்ட் பார்க்கற மாதிரி சாவைப் பார்க்க வெச்சுட்டாங்கன்னு சொல்றார். யோசிச்சுப் பாருங்க, எவ்ளோ பெரிய குற்றச்சாட்டு!

'நெக்ஸ்ட் எபிசோடு' கட்சி

அதாவது நாம! ஹார்ட் டிஸ்க்ல மொத்த சீசனையும் வாங்கி ஸ்டடி லீவுல முடிக்கற கூட்டம். நமக்கு அந்த ஆறு மாசமே கிடையாது. ஸ்க்ரீன் கறுப்பாச்சா, அடுத்த ஃபைலை ஓப்பன் பண்ணு, விடை ரெடி. அதனால நம்ம பசங்க பல பேர் "இதுக்கா இவ்ளோ சண்டை? செம எபிசோடு மச்சி!"ங்கறாங்க. எபிசோடு ஒண்ணுதான். வாரம் வாரம் பார்த்தவனுக்கு அது அவமானம், ஒரே மூச்சுல பார்த்தவனுக்கு அது த்ரில். எப்படிப் பார்த்தோம்ங்கறதே கருத்தை மாத்திடுது பாருங்க.

ஆனா, நம்ம கட்சிக்கும் ஒரு ஆப்பு இருக்கு. குப்பைத்தொட்டி!

ஆறாவது சீசன், மூணாவது எபிசோடு. 2015 அக்டோபர் 25. பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி மேல இருந்து க்ளென் ஜாம்பி கூட்டத்துக்குள்ள விழறான். குடலை உருவுறதை க்ளோசப்ல காட்டுறாங்க. போச்சு, க்ளென் காலின்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. அடுத்து வந்த எபிசோடுகளோட டைட்டில்ல நடிகர் ஸ்டீவன் யூன் பேரைக்கூடத் தூக்கிட்டாங்கன்னா பார்த்துக்கங்க. கடைசியில ஏழாவது எபிசோடுல, நவம்பர் 22 அன்னிக்கு, சார் தொட்டிக்கு அடியில இருந்து ஜாலியா வெளிய வர்றார்! உருவினது அவன் மேல விழுந்த இன்னொருத்தன் குடலாம்.

ஒரே ஆளை ஒரு வருஷத்துல ரெண்டு தடவை சாகடிச்சா என்ன ஆகும்? நிஜமா செத்தப்ப, "இதுவும் டுபாக்கூரா இருக்குமோ"ன்னு மூளை தேட ஆரம்பிச்சுடும். அழ வேண்டிய நேரத்துல கேமரா ஆங்கிளை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருப்போம். இங்கேதான் எனக்குக் கோவம்.

க்ளென் ஏன் நம்ம ஆளு?

இன்னொரு பாயின்ட்டும் சொல்லணும். க்ளென் யாரு? ஜாம்பி வர்றதுக்கு முன்னாடி பீட்சா டெலிவரி பண்ணிக்கிட்டு இருந்த பையன். சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. முதல் சீசன்ல டேங்குக்குள்ள சிக்கின ரிக்கை வெளிய கூட்டிட்டு வர்றதே இவன்தான். கொரிய வம்சாவளி ஆசியப் பையன். அமெரிக்க டி.வி.யில ஆசிய ஆளுன்னா கம்ப்யூட்டர் தட்டணும், இல்ல கராத்தே போடணும். அப்படியே பழக்கப்பட்ட இடத்துல காதலிச்சு, கல்யாணம் பண்ணி, கடைசி வரைக்கும் மனுஷத்தன்மையை விடாத ஒரு ஹீரோ. அதனால அங்கே இருக்கற ஆசிய ரசிகர்களுக்கு அந்த அடி கூடுதலா வலிச்சது. அந்த ஸ்டீவன் யூன், 'மினாரி' படத்துக்காக 2021-ல சிறந்த நடிகர் ஆஸ்கருக்கு நாமினேட் ஆன முதல் ஆசிய அமெரிக்கர்ங்கறது பின்கதை.

ஓசூர்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு முதுகுல பையோட பைக்ல போற பசங்களைப் பார்த்தவங்களுக்கு இது இன்னும் நல்லா புரியும். ஊருக்குள்ள எல்லா வழியும் தெரிஞ்சவன், ஆனா யாருக்கும் அவன் பேர் தெரியாது. அப்படிப்பட்டவனை ஹீரோவாக்கிட்டு, அவன் சாவை விடுகதை ஆக்கலாமா?

எங்க ஊர் கூத்து சொல்ற பாடம்

இப்ப நம்ம ஊர் மேட்டருக்கு வாங்க. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதம் நடக்கும். பகல்ல பாரதச் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. 'அபிமன்யு சண்டை' அன்னிக்கு வந்து உட்கார்ந்திருக்கற அத்தனை பேருக்கும் அபிமன்யு சாகப்போறான்னு தெரியும். சக்கர வியூகத்துக்குள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து, கரெக்டா அந்த இடத்துல பாட்டிங்க முந்தானையால கண்ணைத் துடைப்பாங்க. கடைசி நாள் படுகளம். களிமண்ல செஞ்ச பெரிய துரியோதனன் உருவம் மல்லாக்கப் படுத்திருக்கும். தொடையைப் பிளக்கறதும், ரத்தமும், திரௌபதி கூந்தலை முடியறதும்... நீகன் மட்டைக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சது இல்ல! அதைக் குழந்தைகளைத் தோள்ல வெச்சுக்கிட்டுப் பார்க்கறோம்.

அப்போ பிரச்னை ரத்தம் மட்டும் இல்லைன்னு ஆகுது இல்லையா? கூத்துல ஏமாத்து வேலை கிடையாது. 'யார் சாவான், கண்டுபிடி பார்க்கலாம்'னு நம்மைச் சீண்டறது இல்ல. ஏன் செத்தான், யார் அழறாங்கன்னு காட்டுறாங்க. காமிக்ஸ் கட்சிக்காரங்க தெரிஞ்சே அழுதாங்களே, அதுவும் இதேதான். ராஜாஜி 'சக்கரவர்த்தித் திருமகன்' ராமாயணத்தைக் கல்கியில தொடரா எழுதினப்பவும், கதை தெரியாத வாசகர் யாரு இருந்திருப்பாங்க? சஸ்பென்ஸே இல்லாத தொடர், 1958-ல சாகித்ய அகாடமி விருதே வாங்கிடுச்சு!

நம்பர் என்ன சொல்லுது?

நாம இன்ஜினீயரிங் ஆச்சே, கணக்கு இல்லாம விடலாமா? அந்த எபிசோடை 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தாங்க. அடுத்த வாரமே 1 கோடியே 24 லட்சம். 'பார்த்தியா, ரசிகர்கள் ஓடிட்டாங்க'ன்னு உடனே குதிக்காதீங்க. முதல் வாரம் சும்மா விடை தெரிஞ்சுக்க வந்த கூட்டமும் அதுல உண்டு. அதனால சீசன் கடைசியோட சீசன் கடைசியை ஒப்பிடுவோம். ஆறாவது சீசன் முடிவை 1 கோடியே 41 லட்சம் பேர் பார்த்தாங்க. ஏழாவது சீசன் முடிவை 1 கோடியே 13 லட்சம் பேர். ஒரே வருஷத்துல 28 லட்சம் பேர் மிஸ்ஸிங். 2022 நவம்பர் 20 அன்னிக்கு 177-வது எபிசோடோட தொடர் முடிஞ்சப்ப, சேனல்ல பார்த்தவங்க சுமார் 22 லட்சம்தான். ஸ்ட்ரீமிங் வந்தது, தொடர் பழசானது, 2017 டிசம்பர்ல ரிக்கோட பையன் கார்லுக்கும் முடிவு கட்டினதுன்னு காரணங்கள் நிறைய. எல்லாப் பழியையும் ஒரு மட்டை மேல போட முடியாது. ஆனா, இறங்குமுகம் தெளிவா தெரிய ஆரம்பிச்சது அந்த வருஷத்துலதான்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். க்ளென் செத்தது தப்பு இல்ல. நீகன் எவ்ளோ கொடூரமானவன்னு நமக்குப் புரிய ஒரு பெரிய இழப்பு வேணும். 2023-ல வந்த 'டெட் சிட்டி' தொடர்ல மேகியும் நீகனும் ஒண்ணா பயணம் போகும்போது, அவங்களுக்கு நடுவுல க்ளென் உட்கார்ந்திருக்கான். அந்தச் சாவுக்கு அவ்ளோ வெயிட் இருக்கு. தப்பு எங்கேன்னா, அதை முதல்ல குப்பைத்தொட்டி மேஜிக்காவும், அப்புறம் ஆறு மாச விடுகதையாவும் வித்தது. ரசிகன் அழறதுக்கு ரெடியாத்தான் வர்றான். கேனையன் ஆக்கினாத்தான் எழுந்து போறான்.

நமக்கு இதுல என்னன்னு கேட்கறீங்களா? இருக்கே! கல்ச்சுரல்ஸ்க்கு ஷார்ட் ஃபிலிம் எடுக்கறோம். ரீல்ஸ் போட்டு 'மீதி அடுத்த பார்ட்ல'ன்னு தொங்கல்ல விடறோம். 2016-லயே நம்ம தமிழ்ல 'மிருதன்' வந்துச்சு. ஹீரோ ஜெயம் ரவி (இப்போ ரவி மோகன்) கடைசியில தானே மிருதனா மாறுவார். அதைப் பார்த்த நம்ம ஜனம் ஏமாந்ததா சொல்லல, 'அய்யோ பாவம்'னுதான் சொல்லுச்சு. ஏன்னா, அவர் மாறப்போறதை மறைச்சு வெச்சு நம்மகிட்ட விளையாடல. நம்ம கண்ணு முன்னாடியே மாறினார். அடுத்த தடவை உங்க படத்துல ஒருத்தரைச் சாகடிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கங்க. இந்த சாவு கதைக்கு வேணுமா, இல்ல வியூஸுக்கு வேணுமா?

நீங்க நாலுல எந்தக் கட்சி? அஞ்சாவதா புதுக் கட்சி ஆரம்பிச்சாலும் ஓகே. ஒரு போஸ்ட் கார்டுல எழுதிப் போடுங்க. திட்டறதா இருந்தா நீகனைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க!

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். வர்ட்டா!