சந்தோசம் வேறு, சம்பளம் வேறு



இரண்டு மூன்று நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. சாப்பாட்டுக் கடைப் பொடியன்மார் பில்லை வைத்துவிட்டுப் போகாமல் நிற்கிறார்களாம். "சம்பளம் வாங்குறவனுக்கு எதுக்குச் சந்தோசம்? இது லஞ்சம். குடுத்துக் குடுத்துப் பழுதாக்காதீங்க" என்று சிலர். "பாவம், சதகாவா நினைச்சுக் குடுங்க" என்று சிலர். இரண்டுமே பிழை என்பது என் கருத்து. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் லஞ்சம் என்பவர்களுக்கு.

நீங்கள் காட்டும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். வீட்டிலேயே இருந்திருந்தால் அது அவருக்கு வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சரி. ஆனால் அவர் யார்? மக்களின் பொருளைக் கணக்கெடுத்து வாங்கும் அதிகாரம் உள்ளவர். கொத்து ரொட்டி கொண்டுவந்து வைக்கிற பொடியனிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? சாப்பிட்டு, கை கழுவி, பில்லும் கட்டிய பிறகு நீங்கள் கொடுக்கும் நூறு ரூபாவுக்கு அவன் எந்தக் காரியத்தைச் சாதித்துத் தரப்போகிறான்?

அந்த ஹதீஸ் நேராகப் போய்ப் பொருந்துகிற இடம் கந்தோர்கள். ஒரு பெர்மிட்டுக்கு, ஒரு கையெழுத்துக்கு, கிடப்பில் கிடக்கும் ஒரு ஃபைல் நகர்வதற்கு என்வலப்பில் வைத்துக் கொடுக்கிறோமே, அதற்கும் "சந்தோசம்" என்றுதான் பேர் வைத்திருக்கிறோம். அங்கே ஐயாயிரம் கொடுக்கும்போது யாருக்கும் ஹதீஸ் ஞாபகம் வருவதில்லை. மேசை துடைக்கிறவன் முன்னால்தான் மார்க்கம் ஞாபகம் வருகிறது. பலமுள்ளவனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, பலமில்லாதவனிடம் ஃபத்வா பேசுவது என்ன நியாயம்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் காசுக்காக அவன் முதலாளியின் இறைச்சியில் இரண்டு துண்டு கூட்டி வைத்தால் அது அமானிதத்துக்கு மோசடி. வாங்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தாலும் கொடுக்காதீர்கள். மேலதிகச் சட்டங்களை உலமாக்களிடம் கேளுங்கள், நான் பள்ளிக்கூட ஆசிரியன்.

அடுத்து, சதகா என்பவர்களுக்கு.

அவன் பிச்சைக்கு நிற்கவில்லை. காலையிலிருந்து இரவு வரை நின்ற காலில் வேலை செய்கிறவன். சதகா என்று நினைத்துக் கொடுக்கும்போது நம்முடைய பேச்சே மாறிவிடுகிறது. "டேய், இஞ்ச வா, இந்தா" என்கிறோம். சிலர் கொடுப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று சூரா அல்பகரா சொல்வதை ஓதாதவர்களா நாம்?

கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துவிட்டு வந்த நம்மட வாப்பாமார், காக்காமார், அரபி கையில் வைத்த பத்து ரியாலை இன்றைக்கும் வாய் நிறையச் சொல்வார்கள். பிச்சை எடுத்ததாகவா சொல்கிறார்கள்? தங்கள் வேலையை ஒருவன் மதித்தான் என்றுதானே? அதே மதிப்பை ஊரில் உள்ள பொடியனுக்குக் கொடுப்பதற்கு ஏன் இவ்வளவு விவாதம்?

இனி, இந்தச் சண்டையில் யாரும் பேசாத ஆளுக்கு வருகிறேன். அவர் முதலாளி.

"டிப்ஸ் கிடைக்குதுதானே" என்று சம்பளத்தைக் குறைத்துப் பேசும் முதலாளிமார் நம்மிடையே இருக்கிறார்கள். இலங்கையில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கென்று 2016 இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அந்தத் தொகை 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அதற்கு மேல் ஈ.பி.எப். 12 வீதமும், ஈ.டி.எப். 3 வீதமும் முதலாளி கட்ட வேண்டும். நீங்களும் நானும் மேசையில் வைக்கும் நூறு ரூபாவுக்கு ஈ.பி.எப். இல்லை. அவனுக்கு 55 வயதாகும்போது அந்த நூறு ரூபாக்களில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

டிப்ஸைச் சம்பளக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையால் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 2.13 டொலர். 1991 இலிருந்து அதே தொகைதான். மற்ற ஊழியருக்கு 7.25. மீதியை வாடிக்கையாளர் நிரப்புவார் என்பது கணக்கு. அந்த வழியில் நாமும் போக வேண்டுமா?

வியர்வை உலர முன்னர் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கடமை முதலாளிக்கு. வாடிக்கையாளர் கொடுப்பது அதற்குப் பதிலாகாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாளிமாரே, சம்பளத்தை முழுசாகக் கொடுங்கள். பில்லில் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் போட்டால் அதை ஊழியருக்கே பிரித்துக் கொடுங்கள்.

சாப்பிடப் போகிறவர்களே, பில்லில் அந்த 10 வீதத்தைக் கண்டால், இது இவர்களுக்குப் போகிறதா என்று கவுண்டரில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கொடுக்க விரும்பினால் "தம்பி" என்று கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். வசதி இல்லையா, "ஜஸாகல்லாஹ்" சொல்லிவிட்டு எழும்புங்கள். அதுவும் போதும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, கொத்பாவில் வட்டியைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கூலியைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

ஓ.எல். எழுதிவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் இந்தக் கடைகளுக்குப் போகிறவர்கள் என் வகுப்பில் இருந்த பிள்ளைகள். உங்கள் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள். அடுத்த முறை பில்லோடு ஒருவன் வந்து நிற்கும்போது முகத்தைப் பாருங்கள், அனேகமாக உங்களுக்கும் தெரிந்த வாப்பாவின் மகனாகத்தான் இருப்பான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், மரியாதையாக. எந்தக் கடையின் பேரையும் போட வேண்டாம்.

வஸ்ஸலாம்.