மன்றத்தின் சாவி யாரிடம்?

1950களில் கோ.சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நாளிதழ் தன் பக்கங்களில் மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கியது. அதில் எழுதிப் பழகிய பிள்ளைகள் வளர்ந்து ஊர்தோறும் மன்றம் கண்டனர். தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் அவ்வழி வந்தவையே. தோட்டத்து மன்றத்திற்கு விளம்பரம் தேவைப்படவில்லை. லயத்து வாசலில் நின்றாலே அதன் விளக்கு தெரிந்தது.

துண்டாடலாலும் மேம்பாட்டுத் திட்டங்களாலும் தோட்டங்கள் அழிந்தபோது, மக்கள் ஜெலாப்பாங் போன்ற இடங்களின் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தனர். இயக்கங்களும் பெயர்ப்பலகையோடு வந்தன. விளக்குதான் வரவில்லை!

1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பவேண்டும். அதைத் தவறாமல் அனுப்புகிறார்கள். பதிவிலாகாவுக்குத் தெரிகின்ற இயக்கம் எதிர்வீட்டாருக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு ஒரு விழா, பிரமுகருக்கு ஒரு பொன்னாடை, நாளேட்டில் ஒரு படம். (அந்தப் பொன்னாடையின் விலைக்கு எத்தனை கதைநூல்கள் வாங்கலாம்?) இதற்குப் பெயர் சமூகப்பணியாம்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. "தேர்வே இல்லை, இனி மாலை வகுப்பு எதற்கு?" என்கிறார்கள். தேர்வு போயிற்று, வாசிக்கத் திணறும் பிள்ளை எங்கே போனான்? அவன் நம் வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறான், ஆசிரிய நண்பர்களே. பள்ளி வாயிலோடு நம் பணி முடிந்ததென்று நாமும் ஒதுங்கினால் எப்படி?

ஆளில்லை, பணமில்லை என்பர். வாரம் ஒரு மாலை கதவைத் திறந்து வைக்க எவ்வளவு பணம் வேண்டும்?

பெற்றோர்களே, அடுத்த பொதுக்கூட்டத்திற்குச் செல்லுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மன்றம் திறந்திருக்கும் என்று கேளுங்கள். விடை வராவிட்டால் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.