தேதி தொலைந்தால் விருதும் தொலையும்

சாரணர் படையின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பெரிய வித்தை அல்ல. எங்கே தொடங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பள்ளி திறந்த முதல் வாரம். சாரண ஆசிரியருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பீரோவைக் காலி செய்கிறார். கயிறு, கூடாரத் துணி, முதலுதவிப் பெட்டி, கொடி எல்லாம் எண்ணிப் பார்த்து ஒப்படைக்கப்படுகின்றன. அட்டை கிழிந்த ஒரு நோட்டு மட்டும் அவருடைய பைக்குள் போய்விடுகிறது. எந்தப் பையன் எந்தத் தேதியில் எந்தப் படியைத் தாண்டினான் என்பது அதில்தான் இருக்கிறது. புதிதாக வந்தவர் 32 பையன்களையும் வரிசையில் நிறுத்தி, ‘‘த்விதிய சோபான் முடித்தவர்கள் யார்?’’ என்று கேட்கிறார். எல்லாக் கைகளும் மேலே போகின்றன.

நாட்டின் எந்த ஊர்ப் பள்ளியிலும் நடக்கக்கூடிய காட்சிதான். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நோட்டில் இருந்தவை வெறும் தேதிகள் அல்ல. 1950ல் உருவான பாரத சாரண, சாரணியர் அமைப்பில் ஒரு சிறுவன் பிரவேஷில் தொடங்கி பிரதம, த்விதிய, திருதிய சோபான்களைக் கடந்து ராஜ்ய புரஸ்காரையும், அதன்பின் ராஷ்டிரபதி விருதையும் எட்டவேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறிப்பிட்ட மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. ஒரு தேதிக்கு ஆதாரம் இல்லையென்றால் அந்த மாதங்களை மறுபடி எண்ணவேண்டியதுதான். அதற்குள் பையனின் வயது தாண்டிவிடும்.

சில வீடுகளில் இது வேலை வரைக்கும் போகிறது. ரயில்வேயில் சாரணர்களுக்கென்று ஒதுக்கீடு இருக்கிறது. அதில் விண்ணப்பிப்பவர் ராஷ்டிரபதி விருதோ ஹிமாலய வுட் பேட்ஜோ பெற்றிருக்க வேண்டும். குறைந்தது 5 ஆண்டுகள் இயக்கத்தில் துடிப்பாக இருந்ததற்கும், தேசிய, மாநில அளவிலான நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டதற்கும் சான்றிதழ் காட்ட வேண்டும். பதிவேடு இல்லாத படையில் அந்தச் சான்றிதழை எதைப் பார்த்து எழுதுவது?

வெளிநாடுகளில் இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. அமெரிக்கச் சாரணர்களுக்கு ‘ஸ்கவுட்புக்’, பிரிட்டனில் ‘ஆன்லைன் ஸ்கவுட் மேனேஜர்’. இரண்டுமே அந்தந்த நாட்டின் படிகளுக்கும் பேட்ஜ்களுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைகள். சோபான் கணக்குக்கு அவை பொருந்தாது. இங்கே உறுப்பினர் பதிவுக்கு இணையதளம் வந்துவிட்டது. ஆனால் வாராவாரம் யார் வந்தார், யார் முடிச்சுகளைக் கற்றார் என்ற கணக்கைப் படைதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை மென்பொருள் போதும். எக்செல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவது முதல் நாளிலேயே. பத்து வருட நோட்டுகளையும் அள்ளிக்கொண்டுவந்து உட்கார்ந்தால் இரண்டாவது வாரத்தில் அலுத்துவிடும். இன்று படையில் இருப்பவர்களின் பெயர் மட்டும் போதும். அவர்களிலும் மூத்த பையன்களிடமிருந்து தொடங்க வேண்டும். பத்து வயதுப் பையனின் தேதியை அடுத்த மாதம்கூடத் தேடிக்கொள்ளலாம். பதினாறு வயதுக்காரனுக்கு அந்த அவகாசம் கிடையாது. நோட்டில் இல்லாத தேதிகளைப் பையனிடம் இருக்கும் சான்றிதழைப் பார்த்து நிரப்பலாம். எதிலும் கிடைக்காத கட்டத்தைக் காலியாகவே விடுவது உத்தமம். குத்துமதிப்பாகப் போட்ட தேதி காலிக் கட்டத்தைவிட ஆபத்தானது.

அட்டவணை மூன்று தாள்களில் அடங்கிவிடும். முதல் தாளில் உறுப்பினர்: பெயர், பிறந்த தேதி, அணி, சேர்ந்த நாள், பெற்றோரின் போன் நம்பர். இரண்டாவதில் முன்னேற்றம்: ஒவ்வொரு சோபானும் பேட்ஜும் முடிந்த தேதி, தேர்வு செய்தவர் யார். மூன்றாவதில் வருகையும் முகாம்களும். மூன்றையும் இணைப்பது பெயராக இருக்கக் கூடாது. ஒரு படையில் இரண்டு கார்த்திக் இருப்பார்கள். ‘எஸ். குமார்’ என்பவர் அடுத்த தாளில் ‘குமார் எஸ்’ ஆகிவிடுவார். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து, கடைசி வரை அதை மாற்றாமல் இருப்பதே வழி. பெயரைப் பள்ளிச் சான்றிதழில் இருப்பதுபோலவே எழுத வேண்டும்.

தேதியில் இன்னொரு பொறி இருக்கிறது. 5/6 என்று அடித்தால் ஒரு கம்ப்யூட்டர் ஜூன் 5 என்று எடுத்துக்கொள்ளும், இன்னொன்று மே 6 என்று எடுத்துக்கொள்ளும். மாதம் எழுத்தில் தெரியும்படி தேதிக் கட்டங்களை முதலிலேயே அமைத்துவிட்டால் தவறு அப்போதே கண்ணில் படும்.

இந்த வேலை முழுவதையும் ஆசிரியர் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. 1907ல் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவனை வைத்தார். பொறுப்பைப் பையன்களிடம் கொடுப்பதுதான் இந்த இயக்கத்தின் அடிப்படை. வருகையை அணித் தலைவன் குறித்துத் தரட்டும். கூட்டம் முடிந்த கையோடு, கொடி இறங்கிய பத்து நிமிடத்தில், அதைப் பதிவு செய்துவிட வேண்டும். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால் அது அடுத்த மாதத்துக்குப் போய்விடும். முதலில் ஓர் அணியை மட்டும் வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். அதுவரை பழைய நோட்டும் கூடவே நடக்கட்டும்.

பையன்களுக்குத் தெரியக் கூடாத கட்டங்களும் உண்டு. ரத்த வகை, ஒவ்வாமை, பெற்றோரின் நம்பர் எல்லாம் முகாமில் உயிர் காக்கும் தகவல்கள். வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் அவையே தொல்லை. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கு ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம். ஆதார் நம்பர்போல, படைக்குத் தேவையில்லாத எதையும் கேட்காமல் இருப்பது அதைவிட நல்லது.

கடைசியாக, கம்ப்யூட்டரும் நோட்டைப்போலவே தொலையக்கூடியதுதான். ஆசிரியரின் சொந்த லேப்டாப்பில், அவருக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டுக்குள் இருக்கும் பதிவேடு, அவருடைய பைக்குள் போன நோட்டிலிருந்து எந்த வகையில் வித்தியாசம்? பள்ளியின் பெயரில் ஒரு கணக்கு, பாஸ்வேர்டு தெரிந்த இரண்டு பெரியவர்கள், வேறோர் இடத்தில் ஒரு பிரதி, பருவத்துக்கு ஒருமுறை அச்செடுத்துத் தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு கோப்பு. இவ்வளவும் இருந்தால் யார் மாற்றலாகிப் போனாலும் பையன்களின் தேதிகள் பத்திரமாக இருக்கும். கயிற்றுக்கும் கூடாரத்துக்கும் கையெழுத்து வாங்கும் பள்ளிகள், ஒப்படைப்புப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.